தோட்டாவில் குண்டின் ஆழம் மாறினால் என்ன ஆகும்?
அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பலர் ரைபிள் தோட்டாக்களை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். மருந்தைச் சரியாக எடைபோட்டால் போதும்னு நினைக்கிறீங்களா? உறைக்குள் குண்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் முக்கியம்.

வெளியே நீட்டினால்?
குண்டு குழலின் சுருள்வரிகளைத் தொட்டுவிட்டால், நகரத் தொடங்கவே கூடுதல் விசை வேண்டும். அழுத்தம் எகிறும்.

சற்று உள்ளே இருந்தால்?
வரிகளைத் தொடுமுன் குண்டு கொஞ்ச தூரம் தாராளமாக ஓடும். அழுத்தம் குறையும், வேகமும் சற்றுக் குறையும்.

மேலும் அழுத்தினால்?
உறைக்குள் இடம் சுருங்கும். அதே மருந்து எரிந்தாலும் அழுத்தம் மறுபடி ஏறும்.

30-06 ரகத் தோட்டாவின் நீளம் 84.84 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கத் தொழில்துறைத் தரம். அழுத்த வரம்பு, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. வரம்பை மீறினால் துப்பாக்கியே வெடிக்கலாம். ஆழத்தை மாத்தினால், மருந்தின் அளவையும் குறைத்துத்தான் மறுபடி தொடங்கணும்.