வையர்புஷ்: ஒரு போறணையின் சரித்திரம்

தேச சரித்திரம் என்றவுடன் அரண்மனைகளும் கோட்டைகளும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஜேர்மனி என்றால் பேர்லின் மாநகரையும், கொலோன் நகரத்துப் பெருந் தேவாலயத்தையும், றைன் நதிக்கரைக் கோட்டைகளையும் எண்ணுவோம். நாம் இங்கு எடுத்துக்கொண்டதோ, கோட்டையாலும் அரண்மனையாலும் புகழ்பெறாத ஒரு சிறு கிராமம். அதன் பெயர் வையர்புஷ். அவ்வூரை உலகறியச் செய்தது பாண் சுடும் ஒரு போறணை.

றைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்னும் மலைநாடு பரந்து கிடக்கின்றது. குளிர்காற்று ஓயாது வீசும் பிரதேசம், மண்ணும் வளங்குன்றியது. அம்மலைநாட்டிலே, கொலோனிலிருந்து பிராங்போட் நகருக்குச் செல்லும் பழைய பெருவீதியின்மேல் அமைந்துள்ளது வையர்புஷ். இன்றும் அங்கு வாழ்வோர் ஆயிரத்துச் சொச்சம் பேரே. 1815ஆம் ஆண்டின் பின் இப்பகுதி பிரஷ்ய அரசின் ஆட்சிக்குட்பட்டது. குடியானவர்கள் பண்ணையடிமைத் தளையினின்று சட்டப்படி விடுபட்ட காலம் அது. ஆனால் சட்டம் தந்த விடுதலையைக் கடன் பறித்துக்கொண்டது. துண்டு நிலமும் ஒற்றைப் பசுவும் உடையவன், ஒரு போகம் பொய்த்தால் வட்டிக்கு வாங்குவான். மறுபோகமும் பொய்த்தால் பசுவை இழப்பான். பின்னர் நிலத்தையும் இழப்பான்.

இந்நிலையில், 1845ஆம் ஆண்டிலே பிரீட்றிக் வில்கெல்ம் றைபைசன் என்பவர் வையர்புஷ்ஷுக்குத் தலைமை உத்தியோகத்தராக வந்தார். இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அவர் பரிபாலனத்தில் இருந்தன. முன்னாளில் நம்மவர் மணியகாரர் என்றழைத்த உத்தியோகத்தரைப் போன்ற பதவி என்று கொள்ளலாம். அவர் 1818 மார்ச் 30ஆம் நாள், அயலூராகிய ஹம் என்னுமிடத்தில் பிறந்தவர். சர்வகலாசாலைப் படிப்புப் பெற்றவரல்லர். ஊர்ப் போதகர் ஒருவரிடமே கல்வி கற்றார். இராணுவத்திற் சேர்ந்திருந்த அவர், கண்நோய் காரணமாக அதனின்று விலக நேர்ந்தது. முப்பது வயது நிரம்பாத அவ்விளைஞர் வந்ததும் கருத்தூன்றிய முதற்பணிகளுள் ஒன்று பள்ளிக்கூடம் அமைத்தலாகும்.

1845ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பா எங்கும் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. 1846இல் தானிய விளைச்சலும் பொய்த்தது. பாணின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. குளிர்காலம் வந்தது, வெஸ்டர்வால்ட் மக்கள் பட்டினியால் வாடினர். அரசாங்கம் தானியம் அனுப்பத்தான் செய்தது. ஆனால் அதனைக் கைக்காசுக்கு மட்டுமே விற்கவேண்டும் என்ற கட்டளையும் கூடவே வந்தது. காசிருந்தால் பசி ஏன்? பசித்தவனிடம் காசு கேட்கும் கட்டளை, களஞ்சியத்தை நிறைத்துவைத்து வயிற்றைக் காயவிடும் கட்டளையன்றோ! றைபைசன் அக்கட்டளையைப் பொருட்படுத்தாது, காசில்லாதவர்க்குக் கடனாகவே தானியத்தை வழங்கினார். ஓர் அரசாங்க உத்தியோகத்தர் இவ்வாறு செய்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டுமென்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அத்துடன் அவர் நின்றாரல்லர். ஊரில் வசதி படைத்தோரை ஒன்றுகூட்டிப் பாண் சங்கம் ஒன்றை நிறுவினார். அவர்கள் இட்ட பணத்தைக் கொண்டு வெளியூர்களிலிருந்து தானியம் வாங்கப்பட்டது. ஊருக்குப் பொதுவாக ஒரு போறணை எழுந்தது. அங்கு சுட்ட பாண் சந்தை விலையிலும் மிகக் குறைவாக விற்கப்பட்டது. இயலாதவர் கடனாகவும் பெற்றனர். மறு ஆண்டு விதைப்புக் காலத்தில் விதைக்கிழங்கு வாங்கவும் சங்கம் உதவிற்று. அறுவடை கண்டதும் மக்கள் கடனைத் திருப்பிச் செலுத்தினர். ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்ற பழம்பேச்சு அப்போறணை வாயிலிலே பொய்த்துப்போயிற்று.

இங்கு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். வையர்புஷ்ஷின் பாண் சங்கம் முடிந்த முடிபன்று, அது தொடக்கமே. உள்ளவர் இரங்கிக் கொடுக்க, இல்லாதவர் கைநீட்டி வாங்கும் முறையே அதில் மேலோங்கி நின்றது. 1848இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் அயற்கிராமத்துக்கு மாற்றம் பெற்ற றைபைசன், மறு ஆண்டில் அங்கும் ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். அறுபதளவான செல்வர்கள் தம் சொத்து முழுவதையும் பிணையாக நிறுத்த, சங்கம் மாடுகளை வாங்கி ஏழைக் கமக்காரர்க்கு அளித்தது. அவர்கள் ஐந்தாண்டுகளிற் பணத்தைத் தீர்க்கலாம். 1852இல் றைன் நதியோரத்து ஹெடஸ்டோர்ப் சென்று, 1854இல் தரும சங்கம் ஒன்றையும் தொடங்கினார்.

ஆனால் இரக்கம் என்னும் ஊற்றுக் கோடையில் வற்றுவது. பஞ்சம் நீங்கியதும் செல்வரின் ஊக்கமும் தளர்ந்தது. இதனைத் தம் அநுபவத்தால் உணர்ந்த றைபைசன், 1864இல் ஹெடஸ்டோர்ப் கடனுதவிச் சங்கத்தைப் புதிய அடிப்படையில் நிறுவினார். கடன் பெறுவோரே சங்கத்தின் அங்கத்தவராதல் வேண்டும். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்றல் வேண்டும். ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊரெல்லைக்குள்ளேயே சங்கம் இயங்கவேண்டும். நிருவாகிகள் ஊதியம் பெறாது உழைத்தல் வேண்டும். இலாபம் பங்கிடப்படாது பொதுநிதியிற் சேரவேண்டும். காலப்போக்கில் இவையே றைபைசன் முறையின் தூண்களாயின. பாண் சங்கத்திலிருந்து இவ்விடம் வந்து சேர அவருக்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. 1866இல் தம் முறையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். கண்ணொளி பெரிதும் குன்றிய அக்காலத்தில் மகள் அமாலியா உடனிருந்து அவருக்கு எழுத்துப்பணி செய்தார். 1888 மார்ச் 11ஆம் நாள் அவர் காலமானார்.

வையர்புஷ்ஷுக்குச் செல்வோர் இன்றும் அப்போறணையை நினைவூட்டும் ஒரு போறணை வீட்டையும், றைபைசன் பெயர் தாங்கிய சந்திப்பு நிலையத்தையும் காணலாம். பிளாமர்ஸ்பெல்டில் அவர் வாழ்ந்து கடமையாற்றிய மரச்சட்ட வீடு நூதனசாலையாக விளங்குகின்றது. ஹம் கிராமத்திலும் ஒரு நூதனசாலை உண்டு. கமக்காரரின் விளைபொருள் சந்தைக்குப் போக வழி வேண்டுமென்று அவர் பாடுபட்டு அமைப்பித்த வீதி, ஹம்மிலிருந்து வையர்புஷ், பிளாமர்ஸ்பெல்ட் வழியாக றைன் நதிக்கரையை அடைகின்றது. அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. போறணை, பள்ளிக்கூடம், வீதி! இவற்றினும் சிறந்த நினைவுச் சின்னங்கள் ஒரு கிராமத்துக்கு வேறென்ன வேண்டும்?

பெரியோரைப் போற்றுமிடத்துக் குறையை மறைத்தல் சரித்திரமாகாது. வட்டிக் கொடுமையைக் கண்டித்த றைபைசன், தம் எழுத்துக்களிற் சிலவிடத்து யூத வணிகரைப் பொதுப்படப் பழித்துள்ளார். ஒருசிலர் செய்யும் தீமையை ஓர் இனத்தின்மேற் சுமத்துவது எத்துணைக் கேட்டில் முடியும் என்பதற்கு, அந்நாட்டின் இருபதாம் நூற்றாண்டுச் சரித்திரமே சான்று. அவரிடத்துக் கொள்ளவேண்டியதைக் கொண்டு, தள்ளவேண்டியதைத் தள்ளுவதே அறிவுடைமை.

வையர்புஷ்ஷில் மூண்ட நெருப்பின் வெப்பம் நம் நாட்டையும் எட்டியது. சென்னை மாகாண அரசின் பணிப்பால் ஐரோப்பிய நாணய சங்கங்களை ஆராய்ந்த பிரெட்றிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் வெளியான தம் அறிக்கையில், றைபைசன் போன்றவர்களைத் தேடிக் காண்பதே இந்தியக் கிராமங்களுக்கு வழியென முடிபு கூறினார். 1904இல் இந்தியாவிலும், 1911இல் இலங்கையிலும் ஐக்கிய நாணய சங்கச் சட்டங்கள் நிறைவேறின. எங்கள் ஊர்களில் பாட்டன்மார் அங்கத்தவராயிருந்த ஐக்கிய நாணய சங்கங்களுக்கும், மூளாயில் மக்கள் ஐக்கியமாய் எழுப்பிய ஆஸ்பத்திரிக்கும், வேர் தேடிச் செல்வோர் இறுதியில் அம்மலைநாட்டுக் கிராமங்களையே சென்றடைவர். 2016இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம் கூட்டுறவு என்னும் கருத்தையும் வழக்கையும் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவுசெய்தது.

றைபைசன் தமது கிறிஸ்தவ சமயப் பற்றிலிருந்தே இத்தொண்டுக்கு உரம் பெற்றார். நம் சமயமும் அன்னதானத்தைத் தலையாய தருமமாகப் போற்றுகின்றது. பசித்தவனுக்கு இன்று சோறிடுவது தருமமே. அதை நாம் கைவிடலாகாது. ஆயினும் நாளைக்கும் அவன் நம் வாயிலில் நிற்க வேண்டியிருந்தால், நம் தருமம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்பதே பொருள். கொடுப்பவனும் கொள்பவனும் என்ற பிரிவு நீங்கி, இருவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தவராய் ஒரே பாயில் அமரும் நாளே தருமம் நிறைவு பெறும் நாள். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஊரும், கணக்கில் நேர்மையும், ஊதியம் கருதாது உழைக்கும் ஒருசில இளைஞரும் போதும். இம்மூன்றும் நம்மிடத்தும் உண்டு. போறணையை மூட்டுவதே இனி நம் கடன்.