பேழைக்குள் பூட்டிய மதிப்பெண்: காமிக்ஸ் தரப்படுத்தல் நிறுவனங்கள் மீது சேகரிப்பாளர்களுக்கு ஏன் இத்தனை சலிப்பு?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1972. முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. அந்தக் காலப்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியிருந்ததால், யாழ்ப்பாணத்து வாசகருக்கு இத்தகைய இதழ்கள் எளிதில் கிடைக்கவில்லை. பின்னர் 1990-91 காலப்பகுதியின் இராணுவ நடவடிக்கைகளால் நாரந்தனை, ஊர்காவற்றுறை, வேலணை உள்ளிட்ட தீவக ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் புத்தகப் பெட்டியைத் தூக்கிச் செல்லவில்லை. விட்டுவந்ததில் கறையானுக்கும் கடற்காற்றுக்கும் தப்பியது சொற்பம்.

அப்படித் தப்பிய ஒரு பிரதி இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒருவர் கையில் இருந்தால், "இதை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று எடுக்கலாமா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. பதில் தேடுமுன், அந்தச் சேவையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சேகரிப்பாளர்களின் முறைப்பாடுகளை அறிந்துகொள்வது நல்லது.

தரப்படுத்தல் எப்படி நடக்கிறது?

இத்துறையின் பெரிய நிறுவனம் சி.ஜி.சி. 2000 ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கிய இந்நிறுவனம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா நகரில் இயங்குகிறது. 2014 இல் சி.பி.சி.எஸ். என்ற போட்டி நிறுவனமும் தோன்றியது.

அனுப்பப்படும் இதழின் பக்கங்களை எண்ணுகிறார்கள். வண்ணம் பூசியோ ஓரம் வெட்டியோ பழுது மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு 0.5 இலிருந்து 10.0 வரையான அளவுகோலில் மதிப்பெண் இட்டு, கடினமான பிளாஸ்டிக் பேழைக்குள் இதழை அடைத்து முத்திரையிடுகிறார்கள். சி.ஜி.சி.யின் சாதாரண இதழுக்கு நீலச் சீட்டு, சாட்சி முன்னிலையில் கையொப்பமிட்ட இதழுக்கு மஞ்சள், பழுதுபார்த்த இதழுக்கு ஊதா. பேழையை உடைத்தால் சான்றும் போய்விடும்.

இந்த எண்ணின் பின்னால் பெரும் பணம் நிற்கிறது. 1938 இல் வெளிவந்த, சுப்பர்மான் முதலில் தோன்றிய 'அக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் 8.5 தரப் பிரதி ஒன்று 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. 9.6 பெற்ற இதழுக்கும் 9.8 பெற்ற இதழுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மிகக் குறைவு. விலையோ இரண்டு, மூன்று மடங்காகக்கூட மாறலாம்.

முறைப்பாடுகள் என்ன?

முதலாவது, காலதாமதம். நிறுவனம் சொல்லும் வேலைநாட்கள் வெறும் மதிப்பீடு, உத்தரவாதம் அல்ல. கொரோனா காலத்தில் சேகரிப்புப் பொருட்களின் விலை ஏறியபோது தரப்படுத்தல் நிறுவனங்களில் பொதிகள் மலைபோல் குவிந்தன. விளையாட்டு அட்டைகளைத் தரப்படுத்தும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 2021 மார்ச்சில் தன் சேவைகளில் பலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தவே நேர்ந்தது. அதே ஆண்டில் சி.ஜி.சி.யின் தாய்க் குழுமத்தில் பெரும்பான்மைப் பங்கை பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. குழுமத்தின் மதிப்பு 50 கோடி டொலருக்கு மேல் எனக் கணிக்கப்பட்டது.

இரண்டாவது, கட்டணம். இதழின் சந்தை மதிப்பு உயர உயரக் கட்டணமும் உயர்கிறது. எண்ணை இடுபவரே, அந்த எண் உயர்த்தும் மதிப்பின் அடிப்படையில் பணமும் வாங்குகிறார். இதழை அழுத்தி மடிப்பு நீக்கும் சேவையையும் அதே குழுமம் விற்கிறது. இதில் நலன் முரண்பாடு இருக்கிறது என்பது சேகரிப்பாளர்களின் பழைய வாதம்.

மூன்றாவது, மதிப்பெண்ணில் சீரின்மை. ஒரே இதழைப் பேழையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால் வேறு எண் கிடைப்பதுண்டு. எண் பிடிக்கவில்லை என்பதற்காகக் கட்டணம் திரும்பாது. கீறல் விழுந்த பேழை, சீட்டில் எழுத்துப் பிழை, வழியில் ஏற்பட்ட சேதம் ஆகியவற்றுக்குத் தீர்வு தேடினால், கடலுக்கு அப்பால் இருப்பவர் இதழை மீண்டும் தபாலில் ஏற்ற வேண்டியிருக்கும்.

நம்பிக்கை ஆட்டம் கண்ட நேரம்

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 2023 இறுதியில் விழுந்தது. உயர் மதிப்பெண் பெற்ற இதழைப் பேழையிலிருந்து தடயமின்றி எடுத்து, தரம் குறைந்த பிரதியை உள்ளே வைத்து, பேழையில் கீறல் எனக் கூறிப் புதுப் பேழைக்கு அனுப்பும் மோசடி வெளிப்பட்டது. உள்ளே இருப்பதை மறுபடி தரம் பார்க்காமலே பழைய எண்ணுடன் புதிய பேழை வழங்கப்பட்டிருந்தது. இணையப் படங்களை ஒப்பிட்டு இதைக் கவனித்தவர்கள் சேகரிப்பாளர்களே. பின்னர் நிறுவனம் சந்தேகத்துக்குரிய நூற்றுக்கணக்கான பிரதிகளின் சான்றிலக்கங்களை வெளியிட்டு, வழக்கும் தொடுத்தது.

கோபம் இருந்தும் ஏன் விலகிச் செல்லவில்லை? வாங்குபவர் அந்தச் சீட்டைக் கேட்கிறார். சீட்டில்லாத இதழுக்குக் குறைந்த விலையே கிடைக்கிறது.

தமிழ்ப் பிரதிக்கு இது தேவையா?

அமெரிக்க இதழ்களுக்கு 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக்கையேடு இருக்கிறது. எண்ணுக்கு ஏற்ப என்ன விலை என்று அது சொல்லும். தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு அப்படியொரு கையேடு இல்லை. இங்கே விலையைத் தீர்மானிப்பது முதல் பதிப்பா, மறுபதிப்பா என்பதும், அட்டையும் பக்கங்களும் முழுமையாக இருக்கின்றனவா என்பதும்தான். 'இரும்புக்கை மாயாவி' பலமுறை மறுபதிப்புக் கண்ட கதை. அந்த வேறுபாட்டை அறிந்தவர் பழைய தமிழ் வாசகரே. ஆகவே விற்கும் நோக்கம் இல்லாதவருக்குப் பேழை ஒரு செலவு மட்டுமே. அடைத்த பிறகு புரட்டி வாசிக்கவும் முடியாது.

அமெரிக்க இதழ் வைத்திருந்து அனுப்பத் தீர்மானித்தால் சில முன்னெச்சரிக்கைகள் உதவும். ஒவ்வொரு பக்கத்தையும், கட்டுக் கம்பியையும், ஓரங்களையும் படமெடுத்து வையுங்கள். பொதிக்குப் போதிய காப்புறுதி எடுங்கள். இருவழித் தபால், சுங்கம், கட்டணம் மூன்றையும் கூட்டி, கிடைக்கக்கூடிய விலையோடு ஒப்பிடுங்கள். பேழையில் வாங்குபவர் சான்றிலக்கத்தை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்து, அங்கே படம் இருந்தால் உள்ளே இருக்கும் பிரதியோடு ஒப்பிட வேண்டும்.

அனுப்பாதவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மலிவான செய்தித்தாள் தாளில் அமிலம் உண்டு. வெளிச்சமும் ஈரமும் அதை விரைவில் பழுப்பாக்கி நொறுக்கும். தீவகத்தின் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். அமிலமற்ற அட்டையோடு மைலார் உறையில் இட்டு, நிலத்தில் படாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். பதிப்பு விபரத்தையும், அது யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். சரசோட்டாவில் எவராலும் தர முடியாத சான்று அதுதான்.