டயல்-அப் இணைப்பில் உள்நுழைவுத் தோல்வி: ஸ்லிப் முதல் பிபிபி வரை

தொலைபேசிக் கம்பி வழியே வேறொரு கணினிக்குள் நுழைவது 1980களில் கண்ணெதிரே நடக்கும் காரியமாக இருந்தது. மோடம் இணைந்ததும் எதிர்முனையின் யூனிக்ஸ் கணினி பெயரைக் கேட்கும். பிறகு கடவுச்சொல்லைக் கேட்கும். கம்பியில் இரைச்சல் இருந்தால் திரையில் குப்பை எழுத்துகள் விழும். பயனர் மறுபடி என்டர் விசையைத் தட்டுவார். இதைத் தானாகச் செய்ய எழுதப்பட்ட கட்டளைத் தொடர்கள், லாகின் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை விட்டுவிட்டு எஞ்சிய எழுத்துகளுக்கு மட்டுமே காத்திருந்தன. முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பது கணினிக்குக் கணினி மாறும். இணைந்த நொடியில் அது தொலைந்துபோவதும் உண்டு.

1988இல் ஆர்எஃப்சி 1055 என்ற இணையத் தர ஆவணம் விவரித்த ஸ்லிப் முறை, இணையப் பொதிகளைத் தொலைபேசிக் கம்பியில் ஏற்றியது. அதில் கடவுச்சொல் சோதனை இல்லை, பிழை கண்டறியும் வழியும் இல்லை. ஆகவே நுழைவு பழைய எழுத்து முறையிலேயே தொடர்ந்தது. விண்டோஸ் 3.1க்காக டாஸ்மேனியாவில் பீட்டர் டாட்டம் உருவாக்கிய டிரம்பெட் வின்சாக்கும் கட்டளைத் தொடரைக் கொண்டே நுழைந்தது.

பெரிய மாற்றம் ஸ்லிப்புக்கு அடுத்து வந்த பிபிபி என்ற இணைப்பு முறையால் வந்தது. அதன் வடிவத்தை 1994 ஜூலையில் ஆர்எஃப்சி 1661 நிலைப்படுத்தியது. இரு கணினிகளும் முதலில் இணைப்பு விதிகளைப் பேசி முடிக்கும். அடுத்து அடையாளச் சோதனை. அதன் பிறகே ஐபி முகவரி. சோதனைக்கான இரு வழிகள் 1992இலேயே வரையறுக்கப்பட்டிருந்தன. பேப் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும். சேப், எதிர்முனை தரும் எண்ணோடு கடவுச்சொல்லைச் சேர்த்து எம்டி5 முறையில் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். பாதுகாப்பு கூடியது. ஆனால் இவையெல்லாம் மனிதர் படிக்க முடியாத பைட்டுகளாக நடந்ததால், எந்தக் கட்டத்தில் தடைப்பட்டது என்பது பயனருக்குத் தெரியாமல் போனது.

மெதுவான இணைப்பு முதற்கட்டத்திலேயே முறிய வாய்ப்புண்டு. விடை வராவிட்டால் 3 நொடிக்குப் பின் மறுபடி கேட்பது, 10 முறை கேட்டும் பயனில்லையேல் கைவிடுவது என்பவை ஆர்எஃப்சி 1661 தந்த இயல்பு மதிப்புகள். 2,400 முதல் 9,600 பிட் வேகக் கம்பிகளைக் கருதியே 3 நொடி குறிக்கப்பட்டது. ஆனால் வி.42 பிழைதிருத்தம் உள்ள மோடம், இரைச்சலில் சிதைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கும். தகவல் தொலையாது, தாமதமாகும். அதற்குள் மறுகோரிக்கை புதிய அடையாள எண்ணோடு போயிருந்தால், பிந்தி வந்த விடை ஒதுக்கப்படும். கடவுச்சொல்லுக்கு முறை வருமுன்பே அழைப்பு அறுந்துவிடும்.

பழைய கணினிகளில் குறை பெரும்பாலும் கம்பியைவிட மோடத்துக்கும் கணினிக்கும் நடுவில்தான் இருந்தது. 16450 என்ற சீரியல் போர்ட் சில்லு ஒரே ஒரு பைட்டைத்தான் தாங்கும். 19,200 பிட் வேகத்தில் அரை மில்லி நொடிக்கு ஒரு பைட் வரும். செயலி வட்டில் எழுதிக்கொண்டிருந்தால் படிக்கப்படாத பைட் அழிந்து அடுத்தது வந்து அமரும். ஒரு பைட் குறைந்தாலும் பிபிபி அந்தச் சட்டகம் முழுவதையும் தள்ளிவிடும். இரு மோடங்களுக்கு நடுவே மட்டும் இயங்கும் வி.42 இதைக் காக்காது. 16 பைட் தாங்கும் 16550ஏ சில்லும், கம்பிச் சைகை வழி ஓட்டக் கட்டுப்பாடும்தான் தீர்வாயின. 7 பிட் அமைப்பும் இதைப்போல் ஏமாற்றும்: எழுத்து நுழைவு ஒழுங்காக நடக்கும், 8 பிட்டும் தேவைப்படும் பிபிபி தொடங்கியதும் எல்லாம் நின்றுவிடும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொது இணையச் சேவையைத் தொடங்கியது. எழுத்துத்திரை மட்டும் தரும் ஷெல் கணக்கும் பயனரின் கணினியையே இணையத்தில் சேர்க்கும் டிசிபி/ஐபி கணக்கும் ஒரே காலத்தில் விற்கப்பட்டதால், இரு தலைமுறைச் சிக்கல்களும் இங்கே ஒருசேர நிலவின.

அதே மாதம் 24ஆம் தேதி வெளியான விண்டோஸ் 95, பிபிபியை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதன் டயல்-அப் அமைப்பில் நெட்பியூஐ, ஐபிஎக்ஸ், டிசிபி/ஐபி என்ற மூன்று வலையமைப்பு நெறிமுறைகளும் இயல்பாகவே தேர்வாகியிருக்கும். அலுவலக வலையமைப்பில் நுழையும் தேர்வும் அப்படியே. இணையச் சேவைக்கு டிசிபி/ஐபி மட்டும் போதும். மற்றவற்றை நீக்கினால் நுழைவு விரைவாகும். மறைகுறியாக்கக் கடவுச்சொல்லைக் கட்டாயமாக்கும் தேர்வு, பேப் மட்டும் ஏற்கும் சேவையகத்தில் தோல்வியைத் தந்தது. அப்போதும் திரை கடவுச்சொல்லைச் சரிபார்க்கவே சொன்னது. இந்தச் செய்தி பலரைத் தவறான திசையில் அனுப்பியது என்றே சொல்ல வேண்டும்.

உண்மையைக் காட்டியது, அமைப்பில் தனியே இயக்க வேண்டிய பிபிபி பதிவுக் கோப்பு. அடையாளச் சோதனை தொடங்கியதற்கான வரி அதில் இல்லையென்றால், கடவுச்சொல் எதிர்முனையை எட்டவே இல்லை. பார்க்க வேண்டியவை போர்ட்டும் மோடமும் கம்பியும் அந்த மறைகுறியாக்கத் தேர்வும்தான்.