நாக்கு சொன்னதும் லேபிள் சொன்னதும்

நண்பர்கள் நால்வர் கூடி ஒயின் சுவைக்கும் மாலைப்பொழுதைப் போல் வேடிக்கையான சடங்கு அதிகம் இல்லை. முதலில் கோப்பையை விளக்கொளிக்கு எதிரே உயர்த்தி நிறம் பார்க்க வேண்டும். பிறகு சுழற்ற வேண்டும்; பக்கத்தில் இருப்பவரின் சட்டையில் தெறிக்காமல் சுழற்றுவது தனிக்கலை. அதன்பின் மூக்கை உள்ளே நுழைத்து, கண்களை மூடி, மறந்துபோன எதையோ நினைவுகூர்பவர்போல் நெற்றியைச் சுருக்க வேண்டும். ஒரு மிடறை வாயில் உருட்டி, அதற்கென்றே வைத்த பாத்திரத்தில் துப்பவும் வேண்டும். கடைசியாக வருவதுதான் கடினமான கட்டம்: அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஈரமண், பழைய தோல், புகையிலை என்று ஒருவர் அடுக்கத் தொடங்கினால், மற்றவர்கள் புட்டியின் லேபிளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "ஆமாம், புகையிலைதான்" என்று தலையாட்டுவார்கள்.

அந்த ஓரக்கண் பார்வையைத் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? பாரிஸ் நகரில் 1976 மே 24 அன்று நடந்தது அதுதான்.

ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒயின் விற்கத் துணிந்த ஆங்கிலேயர் என்பதே நகைச்சுவைக்குப் போதுமானது. ஒயின் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும் அவர் நடத்தினார். அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டை ஒட்டி, கலிஃபோர்னிய ஒயின்களைப் பாரிஸுக்கு அறிமுகப்படுத்தலாம் என்று அவரும், உடன் பணியாற்றிய அமெரிக்கரான பாட்ரீஷியா கல்லாகரும் எண்ணினர். புட்டிகள் ஒரு சுற்றுலாக் குழுவினரின் பயணச் சுமைகளோடு பாரிஸ் வந்து சேர்ந்தன. வெள்ளையில் 10, சிவப்பில் 10. ஒவ்வொன்றிலும் ஆறு கலிஃபோர்னியாவுடையவை, நான்கு பிரான்சின் பெயர்பெற்ற தோட்டங்களுடையவை. பெயர் தெரிந்தால் தீர்ப்பு தெரிந்ததுதான் என்பதால் லேபிள்களை மறைத்துவிட ஸ்பரியர் முடிவுசெய்தார்.

நடுவர்கள் சாமானியர்கள் அல்லர். புகழ்பெற்ற பத்திரிகையின் ஆசிரியர் ஓதெத் கான், ரொமானே-கோந்தி தோட்டத்தின் ஓபேர் த விலேன், சமையற்கலை வல்லுநர் ரேமோன் ஒலிவியே என ஒன்பது பேர். ஒயினை இவர்கள் அறியவில்லை என்றால் வேறு எவரும் அறியார் என்று துணிந்து சொல்லலாம்.

சுவைத்தல் தொடங்கியது. ஒரு வெள்ளை ஒயினைப் பருகிய ஒலிவியே, மீண்டும் பிரான்சுக்கே வந்துவிட்டோம் என்று நிம்மதியுடன் சொன்னார். அவர் கையில் இருந்தது கலிஃபோர்னிய ஒயின். இன்னொரு நடுவர், இதற்கு மணமே இல்லை, ஐயமின்றிக் கலிஃபோர்னியாவுடையது என்றார். அது பூர்கோஞ்ஞின் உயர்தர ஒயின்.

வெள்ளையில் 1973ஆம் ஆண்டு ஷாத்தோ மோந்தலேனா முதலிடம் பெற்றது. அதைத் தயாரித்தவர் குரோவேஷியாவிலிருந்து குடியேறிய மைக் கெர்கிச். சிவப்பிலாவது மானம் பிழைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கும் 1973ஆம் ஆண்டு ஸ்டாக்ஸ் லீப் முந்தியது. அதன் உரிமையாளர் வாரன் வினியார்ஸ்கி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டுத் திராட்சைக்கு வந்தவர். இரண்டாமிடத்தில் நின்றது 1970ஆம் ஆண்டு மூத்தோன் ரோத்சில்ட். 1855இல் வகுத்த தரவரிசையில் இரண்டாம் நிலையில் இருந்து, 1973இல்தான் முதல் நிலைக்கு உயர்த்தப்பட்ட பெயர் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற பெருமை மூன்றே ஆண்டுகளில் இப்படியொரு சோதனைக்கு உள்ளாயிற்று!

முடிவைக் கேட்ட ஓதெத் கான், தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். ஸ்பரியர் தரவில்லை. தாள் திரும்பியிருந்தாலும் செய்தி திரும்பியிருக்காது. அழைக்கப்பட்ட பத்திரிகையாளர்களில் வந்திருந்த ஒரே ஒருவர், டைம் இதழின் ஜார்ஜ் டேபர், குறிப்பெடுத்து முடித்திருந்தார். அவரது சிறு கட்டுரைக்கு 'பாரிஸின் தீர்ப்பு' என்று தலைப்பிட்டார்கள். கிரேக்கப் புராணத்தில் மூன்று தேவியரில் அழகி யார் என்று பாரிஸ் என்ற இளவரசன் தீர்ப்புச் சொன்னான். அதன் விளைவு டிராய் போர். இங்கே நல்லவேளையாகப் பத்திரிகைச் சண்டையோடு முடிந்தது.

இதை அமெரிக்க வெற்றி என்று மட்டும் வாசித்தால் கதையின் பாதியை இழக்கிறோம். ஒரே ஒயினுக்கு நடுவர்கள் அளித்த மதிப்பெண்கள் தமக்குள் பெரிதும் வேறுபட்டன. 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் சுவைத்தபோது, முன்பு ஐந்தாமிடத்தில் இருந்த ரிட்ஜ் முதலிடத்துக்கு வந்தது. 2001இல் வெளியான போர்தோ ஆய்வு இன்னும் குறும்பானது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் வருணித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் அறிந்ததையே மூக்கும் முகர்ந்தது.

நாமும் நகைப்பதற்கு முன் சற்று யோசிக்கலாம். அட்டையில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைத் தொகுப்பு ஒன்றை நம் கையில் கொடுத்தால், எத்தனை பேர் மதிப்புரைத் தாளைத் திருப்பிக் கேட்போம்? அந்த ஒன்பது பேரும் அறியாமையால் தோற்கவில்லை. பெயர் தெரியாமலும் தீர்ப்புச் சொல்ல ஒப்புக்கொண்ட துணிவுக்காக அவர்களை நாம் வணங்கவே வேண்டும்.

வென்ற இரு ஒயின்களின் புட்டிகளும் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. லேபிள்களோடுதான்.