டிசம்பர் குளிருக்கும் பனியன் துணியில் விழும் வெள்ளைப் புள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

கருநீலச் சாயம் ஏறி துணி வெளியே வருது. தூரத்தில் பார்த்தால் பளிச்சுனு இருக்கு. கிட்டப் போனால் பொடிப் பொடியா வெள்ளைப் புள்ளிகள். திருப்பூரில் ஒரு லாட் இப்படி வந்தால் முதலில் திட்டு வாங்குவது சாயப்பட்டறைதான். ஆனால் காரணம் சில நேரம் சாயத்தில் இருக்காது. பல மாதங்களுக்கு முன்பு பருத்திக் காட்டில் அடித்த குளிரில் இருக்கலாம். எப்படி?

ஒரு இழை, ஒரே ஒரு செல்

பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு தாவர செல். பூ பூக்கும் நேரத்தில் விதையின் மேல்தோலில் இருக்கும் செல், மயிர் மாதிரி நீள ஆரம்பிக்கும். சுமார் 3 வாரத்தில் 3 செ.மீ. வரைகூட வளரும். அப்போது அது மெல்லிய சுவர் கொண்ட வெறும் குழாய்தான். அடுத்த சில வாரங்களில், அந்தச் சுவரின் உள்பக்கம் செல்லுலோஸ் படிந்து கெட்டியாகும். நன்றாக முற்றிய இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான்.

குளிர் என்ன செய்யுது?

செல்லுக்குள் வேலை பார்ப்பவை என்சைம்கள். குளிரில் அவற்றின் வேகம் குறையும். 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினால் பருத்தியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். செல்லுலோஸ் உற்பத்தி இன்னும் சீக்கிரம் அடி வாங்கும். இரவில் 20 டிகிரிக்குக் கீழே போனாலே அது மந்தமாகிவிடும். நீளத்தை இழை கூடுதல் நாள் எடுத்து ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆனால் சுவர் மெல்லிசாகவே நின்றுபோகலாம்.

புள்ளி விழுவது ஏன்?

காய் வெடித்துக் காயும்போது, சுவர் மெலிந்த இழைகள் ரிப்பன் போலத் தட்டையாகும். மில்லில் அவை எளிதில் சிக்கி முடிச்சாகும். இதைத்தான் 'நெப்ஸ்' என்கிறார்கள். சாயம் பிடிப்பது செல்லுலோஸில். அது குறைவாக இருப்பதால், அந்த முடிச்சு மட்டும் வெளுத்துத் தெரியும்.

நம்ம ஊரிலும் நடக்குமா?

கொங்கு பகுதியில் குளிர்கால இறவைப் பருத்தியை ஆகஸ்ட், செப்டம்பரில் விதைப்பார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். முதலில் பிடித்த காய்கள் தப்பிவிடும். கடைசியாகப் பிடித்தவைதான் மாட்டும். குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவில் இருந்து வரும் பஞ்சிலும் கடைசிப் பறிப்பில் இந்தச் சிக்கல் வரலாம். குளிர் மட்டுமே காரணம் இல்லை. தண்ணீர்ப் பற்றாக்குறை, பூச்சி, சத்துக் குறைவு இருந்தாலும் இழை முற்றாது.

என்ன செய்யலாம்?

விவசாயிகள் பட்டம் தவறாமல் விதைக்கணும். கடைசிப் பறிப்பை நல்ல பஞ்சோடு கலக்கக் கூடாது. கலந்தால் மொத்தத்துக்கும் விலை குறையலாம்.

மில்களில் 'மைக்ரோனேர்' அளவு பார்ப்பார்கள். பொதுவாக 3.5 முதல் 4.9 வரை இருந்தால் ஏற்பார்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கோவையில் உருவாகி 1974-ல் வெளிவந்த சுவின் போன்ற ரகங்களின் இழை இயல்பிலேயே மெல்லியது. அதில் எண் குறைவாக வந்தாலும் பஞ்சு முற்றியதாகவே இருக்கும். அதனால் முதிர்ச்சிப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யணும்.

சாயப்பட்டறையைக் குறை சொல்வதற்கு முன், அந்தப் புள்ளியைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பாருங்க. தட்டையான இழைகள் சிக்கிக் கிடந்தால், பிரச்னை சாயத்தில் இல்லை, பஞ்சில்.