டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானா (ஓவியம்)

டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானாவின் இந்த உருவப்படம், ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ 1785-87 ஆண்டுகளில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருக்கிறது.

படத்தில் இருப்பவர்

ஸ்பென்சர் குடும்பத்தில் 1757இல் பிறந்த ஜார்ஜியானா, 1774இல் ஐந்தாம் டெவன்ஷயர் கோமகனை மணந்தார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத அக்காலத்தில், 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் விக் கட்சி அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காகத் தெருவில் இறங்கி ஆதரவு திரட்டினார். ஃபாக்ஸ் வென்றார். ஆனால், கசாப்புக்காரருக்கு முத்தம் கொடுத்து வாக்கு வாங்கியதாகக் கேலிச்சித்திரக்காரர்கள் ஜார்ஜியானாவை இழிவுபடுத்தினர். சூதாட்டக் கடனும் அவர் பெயரைக் கெடுத்தது. அரசியல்வாதி சார்லஸ் கிரேயால் கருவுற்றதும் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டார். 1792இல் பிறந்த அந்தப் பெண் குழந்தை கிரேயின் பெற்றோரிடம் வளர்ந்தது. கணவர் மணத்துக்கு முன் வேறொரு பெண்ணிடம் பெற்ற மகளையோ ஜார்ஜியானாவே வளர்த்தார். ஒரே குடும்பத்தில் ஆணுக்கு ஒரு நீதியும் பெண்ணுக்கு ஒரு நீதியும் இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1806இல் அவர் காலமானார்.

ஓவியம்

இறகுகள் செருகிய அகன்ற கறுப்புத் தொப்பி ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறது. அதன் விளிம்புக்குக் கீழே சுருள் சுருளாக இறங்கும் கூந்தல். கையில் ஒரு ரோஜா மொட்டு. தலையைச் சற்றே திருப்பி, பார்ப்பவரை அச்சமின்றி நோக்குகிறார். தூற்றல்களால் துவண்ட பெண்ணின் முகம் அல்ல அது. இந்தத் தொப்பி சீமாட்டிகளிடையே பெரும் மோகமாகப் பரவியது.

மறைவும் திருட்டும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து காணாமல்போன ஓவியம், 1830களில் ஒரு முதிய பள்ளி ஆசிரியையின் வீட்டில் கிடைத்தது. கணப்படுப்புக்கு மேல் மாட்டுவதற்காக அவர் கித்தானை வெட்டிச் சிறிதாக்கியிருந்தார். 1841இல் ஓவிய வணிகர் ஒருவர் அதை 56 பவுண்டுக்கு வாங்கினார். பின்னர் அது சேகரிப்பாளர் வின் எல்லிஸிடம் சேர்ந்தது. எல்லிஸ் மறைந்தபின், 1876 மே மாதம் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஓவிய வணிகர் வில்லியம் அக்னியூ சுமார் 10,000 கினிக்கு அதை எடுத்தார். அக்காலத்தில் அது மிகப் பெரிய விலை.

மூன்றே வாரத்தில், ஓர் இரவு, அக்னியூவின் காட்சிக்கூடத்தில் ஜன்னல் வழியாக நுழைந்த ஆடம் வொர்த் என்ற திருடர் கித்தானைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்துச் சென்றார். சிறையிலிருந்த தம்பியைப் பிணையில் எடுக்க அதைப் பேரப் பொருளாக்குவது அவர் திட்டம். தம்பி வேறு வழியில் விடுதலையாகிவிட்டார். ஊரறிந்த படத்தை விற்கவும் முடியவில்லை. 25 ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்தார். 1901இல், பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஏற்பாட்டில், சிகாகோவில் அது அக்னியூ குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

திரும்பி வருதல்

அதன்பின் அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மார்கன் அதை வாங்கினார். 1994இல் சோதபீஸ் ஏலத்தில் 11ஆம் டெவன்ஷயர் கோமகன் 4,08,870 டாலருக்கு மீட்டார். ஒரு காலத்தில் நாட்டைவிட்டே அனுப்பப்பட்ட ஜார்ஜியானாவின் முகம், அவரது புகுந்த வீட்டாரே விலை கொடுத்து மீட்டுவந்த செல்வமாக இன்று சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது.