உள்ளே பிறக்கும் நஞ்சு
உரும்பிராய்ச் செம்மண்ணை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரிகாலத்தில் மட்டுமே நீர் காண்பது. எனவே இங்கு வாழ்வு கிணற்றை நம்பியே எழுந்தது. வலிகாமத்தின் செம்மண் ஊர்களுள் ஒன்றான உரும்பிராயில், தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் வீட்டில் குடத்தில் மொள்ளும் நீரும் நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கற் படுகையிலிருந்தே பெறப்படுகின்றன. மண்ணில் இட்டது எதுவோ, அது காலப்போக்கில் குடத்துக்கும் வந்து சேரும். இத்தகைய ஊர்களின் அண்மைக்கால வரலாற்றை விளைச்சலின் வரலாறாக மட்டும் எழுதினால் அது பாதி வரலாறே ஆகும். மண்ணுக்கும் பயிருக்கும் இட்டவை மனித உடலுட் புகுந்து என்னவாயின என்பதே மறுபாதி.

முன்னைய தலைமுறையினர் துலாவால் நீர் இறைத்தனர். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்து நிலத்துக்கு எரு ஊட்டினர். பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணிற் புதைத்தனர். மனித வலுவால் இறைக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. ஆதலின் பயிரிடும் பரப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது அவ்வெல்லை தகர்ந்தது. 1970ஆம் ஆண்டின்பின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமை குடாநாட்டு விவசாயிக்குப் பெருவாய்ப்பாயிற்று. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்தனர். இச்செழிப்புக்குத் துணைநின்றவை யூரியா முதலான இரசாயனப் பசளைகளும் பூச்சிகொல்லிகளுமாகும். 1977இல் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டு விலைகள் வீழ்ந்தபோதும், பசளையிடும் பழக்கம் மாறவில்லை.

இப்பொருள்கள் உடலுட் செய்வதை விளங்கிக்கொள்ள, அவற்றைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். உடல் தன்னுட் புகுந்த வேற்றுப்பொருளை மாற்றியமைத்து வெளியேற்றுகிறது என்பது 1841ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டது. பென்சோயிக் அமிலத்தை உட்கொண்டவரின் சிறுநீரில் அது ஹிப்பூரிக் அமிலமாக மாறி வெளிவந்ததை அலெக்சாண்டர் யூர் என்பவர் அவ்வாண்டிற் காட்டினார். இதன்பின் நூறு ஆண்டுகள்வரை, ஈரல் நஞ்சை அகற்றும் உறுப்பு என்ற எண்ணமே மேலோங்கி நின்றது. 1947இல் ஆர். ரி. வில்லியம்ஸ் இத்துறைக்கு அடிப்படையான பெருநூலை வெளியிட்டபோது, நச்சகற்றும் பொறிமுறைகள் என்றே அதற்குப் பெயரிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் என்னுந் தம்பதியர் வேறொன்றைக் கண்டனர். ஒருகாலத்தில் வெண்ணெய்க்கு நிறமூட்டப் பயன்பட்ட மஞ்சட் சாயத்தை எலிகளுக்கு ஊட்டியபோது, அது ஈரலின் புரதங்களுடன் இறுகப் பிணைந்திருந்தது. அதனைத் தொடர்ந்த ஆய்வுகள், சாயத்தைத் தீவிரமான பொருளாக மாற்றியது அவ்வீரலே என்பதை நிறுவின. தூய்மைசெய்யும் அனுசேபமே சிற்சில பொருள்களை நஞ்சாக்கும் என்ற உண்மை இவ்வாறு நிலைபெற்றது.

குடாநாட்டு விவசாயிகளிடையே பொலிடோல் என வழங்கிய பராத்தியோன் இதற்குத் தக்க சான்று. 1944ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ஆக்கப்பட்ட இப்பூச்சிகொல்லி, நரம்பின் தொழிலை ஒழுங்குசெய்யும் கோலினெசுதரேசு என்னும் நொதியத்தை முடக்குவது. எனினும் தூய பராத்தியோனைப் பரிசோதனைக் குழாயில் அந்நொதியத்துடன் சேர்த்தால் அதன் வலிமை மிகச் சிறிதே என்பதை 1951இல் டிகிள், கேஜ் ஆகிய இருவர் காட்டினர். மூலக்கூற்றில் பொசுபரசுடன் பிணைந்துள்ள கந்தக அணுவை ஈரல் நீக்கி, அவ்விடத்தில் ஒட்சிசனை அமர்த்துகிறது. அப்போது பிறக்கும் பராஒட்சோனே உயிர் குடிப்பது. கண்ணின் பாவை சுருங்குதல், வாயில் நீரூறுதல், மூச்சுத் திணறுதல் ஆகியன அதன் குறிகள். 1958இல் கேரளத்தில் பராத்தியோன் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டம் பிறப்பதற்கு இத்துயரம் ஒரு காரணமாயிற்று.

இலங்கையின் நிலை இதனினும் கொடிதாக இருந்தது. பேராசிரியர் ஜெயரத்தினமும் உடனாய்வாளரும் 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நச்சூட்டலால் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மனமுடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டிய போத்தலைத் தாமே எடுத்தவர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே 1984இல் பராத்தியோன் தடைசெய்யப்பட்டது. 1995இல் மொனோகுரோட்டோபொசு, மெத்தமிடோபொசு ஆகியனவும் விலக்கப்பட்டன. இத்தடைகளின்பின் நாட்டில் தற்கொலையால் நேரும் இறப்பு வீதம் கணிசமாகக் குறைந்தது. போத்தலிலுள்ள நஞ்சைச் சட்டத்தால் தடுக்கலாம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

கிணற்று நீரில் வரும் பொருளுக்கோ போத்தலுமில்லை, எச்சரிக்கைச் சீட்டுமில்லை. பயிர் உண்டு எஞ்சிய நைதரசன், மண்ணில் நைத்திரேற்றாக மாறி, மழையோடும் இறைத்த நீரோடும் சுண்ணக்கல்லின் வெடிப்புக்கள் வழியே நிலத்தடி நீரை அடைகின்றது. மலசலக் குழிகளும் இதற்குத் துணைபோகின்றன. நாகராஜாவும் உடனாய்வாளரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, செறிவாகப் பயிரிடப்பட்ட பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருந்தமையைப் பசளைப் பாவனையுடன் தொடர்புபடுத்திக் காட்டிற்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

நைத்திரேற்று தன்னளவிற் பெருந்தீங்கு செய்வதன்று. உட்கொண்டதிற் பெரும்பகுதி சிறுநீரோடு கழிந்துவிடும். ஆயின் வாயிலும், பாலுண்ணும் குழந்தையின் அமிலங் குறைந்த இரைப்பையிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்று குருதியின் ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்ற, அவ்விரும்பு ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றது. வளர்ந்தோரின் உடல் இதனை விரைவில் மீட்டமைத்துக்கொள்ளும். ஆறு திங்கள் நிரம்பாத குழந்தையிடம் அதற்குரிய நொதியம் போதிய அளவில் இல்லை. அதன் உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. உரிய வேளையில் மருத்துவம் கிட்டாவிடின் உயிருக்கே கேடாகும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் கொம்லி, பண்ணைக் கிணற்று நீரிற் கரைத்த பால் ஊட்டப்பெற்ற குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு முதன்முதலில் விளக்கினார்.

நைத்திரைற்றின் பயணம் அதனோடு முடிவதன்று. இரைப்பையில் அமீன்களுடன் கூடி அது நைத்திரசமீன்களை ஆக்கவும் வல்லது. அவ்வகையைச் சேர்ந்த ஒரு பொருள் எலிகளின் ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கும் என 1956இல் மகீ, பார்ன்ஸ் ஆகியோர் மெய்ப்பித்தனர். அப்பொருளைத் தீவிரமாக்குவதும் ஈரலின் நொதியமே. குடிநீர் நைத்திரேற்றுக்கும் மனிதரின் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புபற்றி ஆய்வாளர் யாவரும் ஒருமுகமான முடிவுக்கு வந்திலர். எனினும் உடலினுள் நைத்திரசமீன்கள் தோன்றத்தக்க நிலையில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றும் நைத்திரைற்றும் புற்றுநோயை விளைவிக்கும் சாத்தியம் உடையன எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

யூரியா குடாநாட்டுக்கு இருமுறை மறுக்கப்பட்டமை நோக்கற்பாலது. 1990இல் மூண்ட போரோடு வந்த பொருளாதாரத் தடையின்கீழ் யூரியா விலக்கப்பட்ட பொருளாயிற்று. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை ஒட்டியே அத்தடை நீங்கியது. 2021இல் நாடு முழுவதும் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, விளைச்சல் வீழ்ந்த நிலையில் அதே ஆண்டின் நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. முதலாவது போரின் கருவி. இரண்டாவது ஆயத்தமற்ற ஆணை. எவ்வளவு பசளை போதும், எப்போது இடவேண்டும், எந்தக் கிணறு குடிக்கத்தக்கது என விவசாயியோடு அமர்ந்து பேசும் பணியை இவ்விரண்டுமே செய்யவில்லை.

அப்பணியே இன்று எஞ்சியுள்ளது, அது அவசரமானதுமாகும். கொதித்தாறிய நீரே குழந்தைக்கு ஏற்றது என்பது எம் இல்லங்களில் வேரூன்றிய நல்லறிவு. கிருமியைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. ஆனால் கொதித்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். மணமும் நிறமும் சுவையும் அதனைக் காட்டிக்கொடா. அக்கறையோடு நீரைக் காய்ச்சிப் புட்டிப்பால் கரைக்கும் தாய், தன் அக்கறையாலேயே ஏமாற்றப்படுகின்றாள். நைத்திரேற்று மிகுந்த கிணறுள்ள ஊரில் தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்த காப்பு. புட்டிப்பால் தவிர்க்க முடியாதவிடத்துப் பரிசோதிக்கப்பட்ட நீரே வேண்டும்.

உரும்பிராய்க்கு மேற்கேயுள்ள மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றையும் மருத்துவத்தையும் இரசாயனத்தையும் தமிழிற் கற்பிக்கலாம் எனத் துணிந்து நூல்களை ஆக்குவித்தார். மேனாட்டு மருத்துவத்தை நோயாளியின் மொழியில் உரைக்கவேண்டும் என்ற அவரது நோக்கம் இன்றும் பழுதுபடவில்லை. உள்ளே பிறக்கும் நஞ்சைக் கண் காணாது, அறிவே காணும். அவ்வறிவு ஆய்வேட்டில் மட்டும் தங்கிவிடின், ஆய்வு நடந்தும் பயனில்லை. கிணற்றடியிற் குடம் வைப்பவரின் மொழியில் அது சென்றடைய வேண்டும். தமிழிற் பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்கு உரிய கடமைகளுள் இதுவும் ஒன்றாகும்.